முறுக்கைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குத் தொண்டர்கள் எழுதுவது



முதலில் ஒரு பொய்யைத் துடைத்து விடுகிறோம். முறுக்கை நாங்கள் கோவில் நிலத்தில் புதைக்கவில்லை. மூணு நாளா வாட்சப்பில் ஒரு படம் சுத்துது. கோவில் பின்பக்கம் புதுசா மண் கிளறின இடம், கீழே "நாயைக் கோவில்ல புதைச்சிட்டாங்க, ஊருக்கே தோஷம்" என்று எழுத்து. அது தண்ணிக் குழாய் வெடிச்சு, போன வாரம் பிளம்பர் தோண்டின குழி. போய்ப் பாருங்கள், புதுக் குழாய் வெளியிலேயே தெரியும். முறுக்கு இருப்பது எங்களில் ஒருவர் வீட்டுப் பின்பக்கம், முருங்கை மரத்தடியில். கோவிலிலிருந்து எட்டு கிலோமீட்டர்.

படத்தை அனுப்பியவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். பேர் எழுத மாட்டோம். அவரும் ஒன்பது வருஷமா அவள் பக்கத்தில்தான் செருப்பைக் கழட்டி விட்டு உள்ளே போனவர்.

ஆமாம், "அவள்" என்றுதான் எழுதுகிறோம். முறுக்கு இறந்த அன்னைக்கு நாங்கள் போட்ட பதிவில் "அவள் போய்ட்டா" என்று எழுதியதற்கு ஒருத்தர் இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். நாய் அஃறிணையாம், "அது" என்றுதான் எழுதணுமாம். ஐயா, நாங்கள் ஐந்தாம் பாரம் வரைக்கும் படித்தவர்கள், உயர்திணை அஃறிணை எங்களுக்கும் தெரியும். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆசிரமத்து நாய், பசு, குரங்கு எல்லாத்தையும் "அவன்", "அவள்" என்றுதான் சொல்வாராம். அங்கே பசு லட்சுமிக்கு சமாதி இருக்கு. பக்கத்திலேயே ஒரு மானுக்கு, ஒரு காக்கைக்கு, ஜாக்கி என்கிற நாய்க்கும் இருக்கு. யாத்திரைக்குப் போன நம்ம ஆட்களே அந்த இடத்தில் நின்னு கும்பிட்டுப் படம் எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க. நாங்கள் சமாதிகூடக் கேட்கலே. மூணு வரி எழுதினோம், அவ்வளவுதான்.

புதுசா வந்தவர்களுக்காக, முறுக்கு யார் என்று சொல்கிறோம்.

2015 செப்டம்பர். பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்து, தெருநாய்களைப் பிடித்துக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்த நேரம். எங்கள் பிறை பக்கமும் லோரி வந்துக்கிட்டு இருந்தது. விநாயகர் சதுர்த்தி வாரம், நல்ல மழை. ஃபேக்டரியில் நைட் ஷிப்டு முடிஞ்சு காலையில் வெளியே வந்தோம். பெரிய லோங்காங்கில் ஒரு குட்டி கத்துது. பின்னங்காலில் கம்பி சுத்தி, சதை வரைக்கும் இறங்கியிருந்தது. பிளையர் எங்கள் கையிலேயே இருந்தது. சட்டையில் சுத்தி எடுத்துக்கிட்டு நேரா கோவிலுக்கு வந்தோம். வேற எங்கே போறது? வீட்டுக்குக் கொண்டு போனா அக்கம்பக்கம் புகார் பண்ணும். கோவில் வேலிக்குள் லோரி வராது. நாங்கள் யோசிச்சது அவ்வளவுதான், தர்மம் அது இதுன்னு பெரிசா ஒண்ணும் யோசிக்கலே.

வால் முறுக்கு மாதிரி சுத்தியிருக்கும். அதனால் அந்தப் பேரு. கால் கடைசி வரைக்கும் நொண்டல்தான். ஆறாம் மாசம் கருத்தடை செய்தோம், மூணு பேர் சேர்ந்து 250 வெள்ளி. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் ஊசி. ஒரு காசு உண்டியல் பணம் கிடையாது. சந்தேகம் இருந்தா பொருளாளரைக் கேளுங்கள், கிளினிக் ரசீது எல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறோம்.

"கோவிலுக்குள் நாய் வந்தா ஆகமப்படி குற்றம்" என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறோம். நாங்கள் அதை மறுத்ததே இல்லை. முறுக்கும் மறுத்ததில்லை! செருப்பு ஸ்டேண்டைத் தாண்டி அவள் கால் வைத்ததை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். குட்டியா இருந்தப்போ ஒரே ஒரு தடவை கொடிமரம் வரைக்கும் ஓடிப் போச்சு. குருக்கள் புண்ணியாகவாசனம் பண்ணினார், செலவை நாங்கள் கொடுத்தோம். அதோடு சரி. கைப்பேசியில் சத்தமாப் பேசிக்கிட்டு கருவறை வாசல் வரைக்கும் போகிற மனுஷங்களுக்கு அந்த எல்லை இன்னும் புரியலே.

ராத்திரி அர்த்தசாமம் முடிஞ்சு சாவியைப் பைரவர் சந்நிதியில் காட்டி விட்டு வெளிக் கேட்டைப் பூட்டும்போது, யார் பூட்டினாலும் கூடவே நொண்டி நொண்டி வேலியை ஒரு சுத்து சுத்தி வருவாள். 2019-ல் உண்டியலை உடைக்க வந்தவன் ஏன் சுத்தியலைப் போட்டு விட்டு ஓடினான் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்த வருஷ ஆண்டறிக்கையில் புதுசா வாங்கின கேமரா செலவு இருக்கு. முறுக்கு பேரு இல்லை. இருக்கட்டும்.

அடுத்த வருஷம் நடமாட்டக் கட்டுப்பாடு. 2020 மார்ச் 18-ல் கேட்டை மூடினோம். யாரும் வரக்கூடாது, குருக்கள் மட்டும் தனியா பூசை பண்ணணும். அவர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர். ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியலே, விமானம் கிடையாது. நாங்கள் சாமானைக் கேட் வரைக்கும் கொண்டு வந்து வைத்து விட்டுப் போவோம். உள்ளே அவரும், வெளியே செருப்பு ஸ்டேண்டில் முறுக்கும். அந்த ஸ்டேண்டில் அப்போ ஒரே ஒரு ஜோடி செருப்பு. குருக்கள் அவளை ஒரு நாளும் தொட்டதில்லை, ஆசாரம். ஆனால் பேசுவார். படியில் உட்கார்ந்து, ஊர்க் கதை எல்லாம். "இன்னைக்கு நீயும் நானும்தாண்டி சபை" என்று சொன்னதை கேட்டுக்கு வெளியே நின்ற எங்கள் காதாலேயே கேட்டோம். அந்த ஆனி மாசம் அவர் அம்மா தவறிட்டாங்க. அவரால் போக முடியலே. அந்த ராத்திரி அவர் கூட இருந்தது யார்? கமிட்டியா, நாங்களா? நாங்கள் எல்லாம் வீட்டில் பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்.

இந்த உயிருக்கு மூணு வரி எழுதினது அதிகம் என்கிறீர்கள்.

படித்த ஒரு பெரியவர் பட்டினத்தார் கதையைப் போட்டிருந்தார். திருவோடும் நாயும் வைத்திருந்த பத்திரகிரியாரை "அவன் சம்சாரி" என்று பட்டினத்தார் சொன்னார், உடனே அவர் ஓட்டை வீசினார், அது நாய் மேல் பட்டு நாய் செத்தது, ஆகவே நாய் மேல் பாசம் ஞானத்துக்குத் தடை என்று. ஐயா, பாதிக் கதையோடு நிறுத்தி விட்டீர்கள். அடி பட்டுச் செத்த அந்த நாய் காசிராஜன் மகளாகப் பிறந்து, பத்திரகிரியாரைத் தேடி வந்து, திருவிடைமருதூரில் அவரோடு சேர்ந்து முக்தி அடைந்தது என்றுதான் கதை முடியுது. மிச்சச் சோறு சாப்பிட்டதற்கே அந்தப் பலன். இன்னொன்று, பத்திரகிரியார் அரசாங்கத்தையே விட்டு விட்டு வந்து கடைசியா மிஞ்சிய ஓட்டையும் வீசினார். நாம் மூணு வீடு, இரண்டு கார் வைத்துக்கொண்டு துறவுக்குத் தடை நாய்தான் என்று சொல்வது கொஞ்சம் கூச்சமா இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறோம். வருகிற ஞாயிறு பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கப் போகிறார்கள். திருவிழாவுக்கு முன்னால் கவுன்சில் லோரியைக் கூப்பிட்டு, மிச்சமுள்ள இரண்டு நாய்களையும் பிடித்துக் கொடுத்து விடலாம் என்று. கருவாயனும் ஆச்சியும். இரண்டுக்கும் கருத்தடை ஆச்சு, ஊசி போட்டாச்சு. ஆச்சிக்குப் பல்லே பாதிதான் இருக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையை நாய் கடித்தது உண்மை. மறைக்க மாட்டோம். அது பாசார் மாலாம் பக்கமிருந்து புதுசா வந்த நாய். நாங்கள் பார்த்து நாலு நாள் ஆகியும் பிடித்து ஊசி போடாமல் விட்டது எங்கள் தப்பு. அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், ஆஸ்பத்திரிக்கும் கூடப் போனோம். வெறிநாய்க்கடி விளையாட்டில்லை. நோய் வெளியே தெரிய ஆரம்பித்தால் பிழைப்பது அபூர்வம். சரவாக்கில் 2017-லிருந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். பயப்படுகிறவர்களை நாங்கள் குறை சொல்லலே. அதனால்தான் சொல்கிறோம், ஊசி போட்ட இரண்டை அனுப்பி விட்டால் அந்த இடம் காலியா இருக்காது. ஊசி போடாத நாலு வரும்.

ஃபேக்டரியில் ஒரு பழக்கம் உண்டு. சாமான் ரிஜெக்ட் ஆனால் ஆப்பரேட்டரைத் திட்டிவிட்டுப் போகக் கூடாது, ஏன் என்று ஐந்து தடவை கேட்கணும். கேட்டுப் பாருங்கள். நாய் ஏன் வருது? சோறு கிடக்குது. சோறு ஏன் கிடக்குது? வெள்ளிக்கிழமை அன்னதானப் பொட்டலத்தைப் பாதி தின்னுட்டு வேலி மேல் வீசுகிறோம். ஏன் வீசுகிறோம்? குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லை, ஒரு வருஷமா கேட்கிறோம். மூணாவது கேள்வியிலேயே மனுஷன் வந்து விட்டான்.

குட்டி எங்கிருந்து வருது? போன தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கேட் ஓரமா மேகி மீ பெட்டியில் அஞ்சு குட்டி. கேமராவில் பார்த்தோம். நல்ல கார், பட்டுச் சேலை. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் அர்ச்சனைத் தட்டு. பெட்டியைக் கீழே வைத்து விட்டு உள்ளே போய், நேரா பைரவருக்கு அர்ச்சனை! படம் எங்களிடம் இருக்கு, போட மாட்டோம். அஞ்சில் மூணு செத்துப் போச்சு. இரண்டுக்கு வீடு பார்த்துக் கொடுத்தோம். தேய்பிறை அஷ்டமிக்கு வடை மாலை கட்ட நம்ம ஊரில் வரிசை நிக்குது. கல்லில் நிக்கிற வாகனத்துக்கு வடை, தெருவில் நிக்கிறதுக்குக் கல்லு.

"பக்கத்தில் மலாய்க்காரர்கள் இருக்காங்க, அவங்க மனசு நோகும்" என்றும் ஒரு பேச்சு. ஒருத்தரையாவது போய்க் கேட்டீர்களா? ரோட்டோரம் நாசி லெமாக் விக்கிற மாக்சிக், கடை சாத்தும்போது கோழி எலும்பைப் பழைய பேப்பரில் வைத்து, தள்ளி நின்னு "முறு, முறு" என்று கூப்பிடுவாங்க. தொட மாட்டாங்க, அவங்க மார்க்கம். முறுக்கும் பக்கத்தில் போகாது, அவங்க நகர்ந்த பிறகுதான் போகும். கடைசி மூணு வாரம் கிட்னி போய் அவள் படுத்துக் கிடந்தப்போ, எங்கே காணோம் என்று முதலில் வந்து கேட்டது அவங்கதான். நம்ம ஆள் பழியைத் தூக்கி அவங்க தலையில் போடாதீங்க.

சிலர் ராத்திரியில் விஷம் வைக்கிற பேச்சும் பேசுகிறார்கள், சிரிச்சுக்கிட்டே. 2015 விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு அபராதம் 20,000 ரிங்கிட்டிலிருந்து 1,00,000 வரை, இல்லாட்டி மூணு வருஷம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அந்தக் கேமராவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கேட்கப் போவது மூணு: மூடி போட்ட தொட்டி இரண்டு, கேட்டில் "குட்டிகளை விடாதீர்கள்" என்று ஒரு போர்டு, திருவிழா மூணு நாளும் கருவாயனையும் ஆச்சியையும் எங்கள் வீட்டில் கட்டி வைத்துக்கொள்ள அனுமதி. பணம் எங்களுடையது. கூட்டம் காலை 10 மணி, மண்டபத்தில். உறுப்பினர் அட்டையை மறக்காமல் கொண்டு வாங்க, அது இல்லாட்டி கை தூக்க விட மாட்டாங்க. முகநூலில் அழுகிற படம் போட்ட நூறு பேரில் இருபது பேர் வந்தால் போதும்.

முறுக்கு போன அன்னைக்கு மத்தியானம் குருக்கள் வழக்கம்போல நைவேத்தியச் சோறு கொஞ்சம் இலையில் எடுத்துக்கிட்டு செருப்பு ஸ்டேண்ட் வரைக்கும் வந்து விட்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது போல. அதை ஆச்சி தின்னுச்சு.

இன்னொன்று. முறுக்குக்கு வாங்கின கிட்னி சாப்பாடு முக்கால் மூட்டை மிச்சம் இருக்கு, பிரிச்சதுதான், காற்றுப் போகாமல் கட்டி வைத்திருக்கிறோம். யார் வீட்டிலாவது அந்த நோய் உள்ள நாய் இருந்தால் டாக்டரைக் கேட்டு விட்டு ராத்திரி 8 மணிக்கு மேல் கோவில் பக்கம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேணாம்.