திரையிலே காதல், படலையிலே சாதி!

கொலன்னாவையில், எண்ணெய்க் குதங்களுக்கு அண்மையில், நாம் அறிந்த வீடொன்று உண்டு. ஒரு சனிக்கிழமை இரவு அவ்வீட்டுத் தொலைக்காட்சியில் ‘மதுரை வீரன்’ ஓடிற்று. மாறுகால் மாறுகை வாங்கும் கட்டம் வந்தபோது தாயார் விம்மினார். தகப்பனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மறுநாட் காலை அதே தகப்பனார், அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஞாயிறு பத்திரிகையின் ‘மணமகன் தேவை’ப் பகுதியைச் சிவப்புப் பேனாவுங் கையுமாக ஆராய அமர்ந்தார். சாதி பொருந்தாத விளம்பரம் ஒவ்வொன்றின் மீதும் ஒரு கோடு விழுந்தது. இரவு ஒரு வீரனுக்காக அழுதவர், விடிந்ததும் எத்தனை வீரரின் கையையுங் காலையும் வாங்கினார் என்று எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமிருக்கவில்லை!

இஃது ஒரு வீட்டுக் கதையன்று. எம் சமுதாயத்தின் கதை. அரசர் காலத்துக் காதற் படங்களின் மீது தமிழருக்குள்ள மோகத்தைப் பற்றி இரு சாரார் பேசுவதுண்டு. “இளைஞரைக் கெடுக்கும் நஞ்சு” என்பர் ஒரு சாரார். “வெறும் பொழுதுபோக்கு” என்பர் மறு சாரார். இரு சாராரும் தவறுகின்றனர் என்பதே எமது வாதம். பிறப்பை மீறிய அன்பு நியாயமானது என்பதை எம் மனச்சாட்சி அறியும். அதை அச்சமின்றி ஒப்புக்கொள்ள அதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடந்தான் படமாளிகை. கிரீடமும் வாளும் தரித்த காதல் எம் வீட்டுப் படலையைத் தட்டாது என்ற துணிவிலேதான் நாம் அங்கே தாராளமாக அழுகிறோம்!

நாம் விரும்பிய கதைகள் எவை? 1937இல் தியாகராஜ பாகவதரும், 1957இல் சிவாஜி கணேசனும் நடித்த ‘அம்பிகாபதி’: புலவன் மகன் அரசகுமாரியை விரும்பினான், உயிரைக் கொடுத்தான். 1960இல் வந்த ‘மொகலே ஆஸம்’: இளவரசன் சலீம் ஆடற்பெண் அனார்கலியை விரும்பினான், தந்தை அக்பர் படையுடன் எதிர்நின்றார். கொட்டாஞ்சேனைச் செல்லமஹாலிலும் வெள்ளவத்தைப் பிளாசாவிலும் ராஜா ராணிப் படங்களுக்காக ஒரு தலைமுறை வரிசையில் நின்றது. அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் 2022 செப்ரெம்பரிலும் 2023 ஏப்ரலிலும் ‘பொன்னியின் செல்வ’னின் இரு பாகங்களையும் காணத் திரண்டனர். ஆதித்த கரிகாலனிடமிருந்து நந்தினி பிரிக்கப்பட்டபோது உருகாத நெஞ்சில்லை. குலம் தெரியாத பெண் என்பதன்றி அவள் அன்று செய்த குற்றந்தான் என்ன?

எம் அயலாராகிய சிங்கள மக்களும் இதற்கு விலக்கல்லர். துட்டகைமுனுவின் மைந்தன் சாலிய குமாரன், சண்டாளப் பெண்ணான அசோகமாலாவின் பொருட்டு அரசுரிமையை இழந்தான் என மகாவம்சம் கூறும். அக்கதை 1947இலே சிங்களத்தின் இரண்டாவது பேசும் படமாயிற்று. அநுராதபுரத்து இசுருமுனியவிலுள்ள காதலர் சிற்பத்தைக் காட்டி, “இவ்விருவரே அவர்” என்பர் ஊரார். காட்டிவிட்டு வீடு திரும்பி, அவர்களும் ஞாயிறு பத்திரிகையில் குலங் குறித்தே மணமகள் தேடுகின்றனர்! இனம் இரண்டாயினும் நோய் ஒன்றே.

படங்களிடமும் ஒரு குற்றமுண்டு. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. மதுரை வீரனை அருந்ததியர் குலத்து வீரனாகவே போற்றுவோர் பலர். 1956இல் வந்த படம் தேர்ந்துகொண்ட கதையோ வேறு. அதில் அவன் அரசன் பெற்ற பிள்ளை. செருப்புத் தைக்கும் தம்பதியர் வளர்த்தவன் மட்டுமே. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலிலும், ஓடக்காரப் பெண் பூங்குழலியை மணக்கும் சேந்தன் அமுதன், பூத்தொண்டு செய்யும் எளியவன், ஈற்றில் அரச குலத்தவனாகவே வெளிப்படுகிறான். தடையை உடைக்காமல், தடையே இருக்கவில்லை என்று கடைசியிற் சொல்லிவிடும் தந்திரம் இது. உறங்க விரும்பும் மனச்சாட்சிக்கு இதைவிட இனிய தாலாட்டு ஏது?

‘மதுரை வீரன்’ வந்த அதே 1956இல், யூன் 5ஆம் நாள், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்த் தலைவர்கள் காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டனர். சமத்துவம் கேட்டோம், நியாயமாகவே கேட்டோம். மறு ஆண்டு, சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. ஆயினும் 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு, தாழ்த்தப்பட்ட தமிழர் அதன் வாயிலிலே சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. வழியை மறித்து நின்றவர்களும் தமிழரே! அவர்களுள் மதுரை வீரனுக்காக அழாதவர் எத்தனை பேர் என்று கேட்கிறோம்.

“அது பழங்கதை, இன்று யார் சாதி பார்க்கிறார்கள்?” எனச் சிலர் சினக்கலாம். கோயிற் கதவுகள் பல திறந்தது உண்மையே. போர் எல்லோரையும் ஒரே முகாமில், ஒரே குழாயடியில் நிறுத்தியதும் உண்மையே. 2009இல் போர் முடிந்தது, முகாம்கள் கலைந்தன, கலியாணத் தரகர் பழைய பட்டியலைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்! 18 வயது நிறைந்த ஆணும் பெண்ணும் மணம் புரிய நாட்டின் பொதுச் சட்டம் சாதியைக் கேட்பதில்லை. கேட்பவர் நாமே.

சாதி பொருந்தினாலும் கதை முடிவதில்லை. சீதனம் எழுந்து நிற்கும். அன்பர்களே, சலீம் அனார்கலியின் தாயிடம் சீதனம் பேசியதுண்டா? வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீடும் பரந்தனிற் பத்து ஏக்கர் வயலும் வேண்டுமென்று அம்பிகாபதி நிபந்தனை விதித்ததுண்டா? விதித்திருந்தால் நாம் திரையை நோக்கிக் கல்லெறிந்திருப்போம். அதே நிபந்தனையை எம் மகனுக்காக விதிக்கும்போது மட்டும் அதற்கு “முறை” என்று பெயர் சூட்டுகிறோம்.

வைத்தியப் பெருமக்களே, உயிர் போகுந் தறுவாயில் இரத்தத்தின் வகையைத்தானே கேட்கிறீர்கள்? அதைத் தந்தவரின் சாதியைக் கேட்பதுண்டா? உழவர் பெருமக்களே, அருவி வெட்ட வந்தவரின் சாதி உங்கள் நெல்மணியில் ஒட்டிக்கொண்டதுண்டா? உயிரைக் காக்கும் இரத்தத்திலும் பசியைத் தீர்க்கும் நெல்லிலும் இல்லாத தீட்டு, உங்கள் பிள்ளை விரும்பும் நெஞ்சிலே மட்டும் எங்கிருந்து வந்தது?

“ஊர் என்ன சொல்லும்?” என்பதே கடைசி அரண். ஊர் என்பது யார்? அதே படத்தைப் பார்த்து, அதே இடத்தில் அழுத உங்கள் அயலவர்தாமே! அவர் உங்களுக்கு அஞ்சுகிறார். நீங்கள் அவருக்கு அஞ்சுகிறீர்கள். இடையிலே பிள்ளைகளின் வாழ்வு பலியாகிறது.

படங்களைப் பார்க்கவேண்டாம் என நாம் சொல்லவில்லை. பாருங்கள், அழுங்கள். அக்கண்ணீர் பொய்யன்று, உங்களிடமுள்ள நீதியுணர்ச்சி அதுவே. அதைப் படமாளிகையிலேயே விட்டு வராமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்பதே எமது வேண்டுகோள். நாளை உங்கள் மகள் ஒரு பெயரைச் சொல்லுவாள். “எந்த ஊர், எந்தப் பகுதி, யாருடைய பிள்ளை?” என்று குடையாதீர்கள். “அவன் நல்லவனா? உன்னை மதிப்பவனா?” என்று கேளுங்கள். அந்தச் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுப் படலையைத் திறவுங்கள்!