வரிச் சலுகையில் வீடு முளைக்குமா?

முதன்முதலாக வீடு வாங்குகிறவருக்கு வருமான வரியில் சலுகை கொடுங்கள், ஏழையும் சொந்த வீட்டுக்காரன் ஆகிவிடுவான் என்று பட்ஜெட் நெருங்கும்போதெல்லாம் வீட்டு வியாபாரிகள் ஓதுகிறார்கள். அவர்களுக்குப் பரிந்து பேசும் கனவான்களும் ஆமாம் போடுகிறார்கள்.

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். மில்லில் இழை முடிகிறவனும் வயலில் நாற்று நடுகிறவளும் வருமான வரி கட்டுகிறார்களா? சோப்புக்கும் செருப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறார்கள். வருமான வரி கட்டும் அளவுக்குக் கூலி எங்கே? கட்டாத வரியில் சலுகை என்பது இல்லாத மாட்டில் பால் கறப்பதுதான்.

2019-ம் வருஷ பட்ஜெட்டைப் பாருங்கள். 45 லட்சம் ரூபாய் மதிப்புக்கு மேற்படாத வீட்டை முதல் வீடாகக் கடனில் வாங்கினால், ஏற்கெனவே இருந்த 2 லட்சத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை லட்சம் ரூபாய் வட்டியை வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம் என்றார்கள். 2022 மார்ச் வரை அனுமதியான கடன்களுக்கு இது உண்டு. முழுச் சலுகையும் பெற வருஷத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வட்டி கட்ட வேண்டும். மாதம் 29,000 ரூபாய்க்கு மேல், அசல் தனி! அந்த ஒன்றரை லட்சத்தில் 30 சதவீத வரி கட்டும் அதிகாரிக்கு 45,000 ரூபாய் மிச்சம். 20 சதவீதம் கட்டுகிறவருக்கு 30,000. நம் ஆளுக்குச் சைபர். மேலே போகப் போகப் பெருகுகிற தானத்தை இப்போதுதான் பார்க்கிறோம்!

அப்படியானால் வரி கட்டாதவனுக்கும் ரொக்கமாகக் கொடுப்போமே, அமெரிக்காவில் கொடுக்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். கொடுத்தார்கள். கதையைக் கேளுங்கள்.

2008-ல் அங்கே வீட்டுச் சந்தை சரிந்து கிடந்தது. முதல் வீடு வாங்குகிறவருக்கு 7,500 டாலர் என்றார்கள். உண்மையில் அது 15 வருஷத்தில் திருப்பிக் கட்ட வேண்டிய வட்டியில்லாக் கடன். 2009-ல் 8,000 டாலராக்கினார்கள். மூன்று வருஷம் அந்த வீட்டிலேயே குடியிருந்தால் திருப்ப வேண்டாம். அதே வருஷம் நவம்பரில் சட்டம் தன் சொரூபத்தைக் காட்டியது. தம்பதிகளின் வருஷ வருமான உச்சவரம்பு 1,50,000 டாலரிலிருந்து 2,25,000 ஆயிற்று. வீட்டின் விலை 8 லட்சம் டாலர் வரை இருக்கலாமாம்! ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர் வேறு வீடு வாங்கினாலும் 6,500. முதல் வீடு என்ற பேச்சே காற்றில் போயிற்று.

விளைவு? 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்ற கெடுவுக்காக, எப்படியும் வாங்கப் போகிறவர்கள் முண்டியடித்து முன்கூட்டியே வாங்கினார்கள். ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை ஒரே மாதத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. விலையோ 2012 ஆரம்பம் வரை இறங்கியது. சலுகையை நம்பி அவசரப்பட்டு வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு, கிடைத்த 8,000 டாலரை விட வீட்டு மதிப்பில் போனது அதிகம். வீட்டைத் தள்ளிவிட்டவனும் தரகனும் கடன் கொடுத்த பாங்கியும் தங்கள் பங்கை அன்றே வாங்கிக்கொண்டார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். இங்கே பிள்ளையார் வீட்டு வியாபாரி.

(சிறையில் இருந்த 1,295 கைதிகளும் இந்தப் பணத்தைப் பெற்றார்கள் என்று 2010-ல் அந்நாட்டு வரித்துறைத் தணிக்கை கண்டுபிடித்தது. அவர்களில் 241 பேர் ஆயுள் கைதிகள்! ஊர் சிரித்தது. ஆனால் அவர்கள் வாங்கியது சில்லறை. பெருந்தொகை போனது சட்டப்படியே போயிற்று.)

முன்பணம் இல்லாதவனுக்கு, வீடு வாங்கிய பிறகு வரும் பணத்தால் என்ன பயன்? விற்பதற்கு வீடுகள் குறைவாக உள்ள ஊரில் வாங்குகிறவன் கையில் கூடுதல் பணம் வந்தால் விலைதான் ஏறும்.

நம் ஊரில் விவசாயக் கூலிக்குக் காலடி மண் எப்படிக் கிடைத்தது? 1971-ம் வருஷக் குடியிருப்புச் சட்டத்தால். மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவனுக்கு அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம் அது. நினைத்தபோதெல்லாம் வெளியே போ என்று மிரட்டிய வாயை அடைத்தது அதுதான், வரிக்கழிவு அல்ல. வரிச் சலுகையில் விடும் தொகையைக் கொண்டு நிலத்தை எடுங்கள். மனையில்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டா கொடுங்கள், அதையும் பெண்கள் பெயரில் எழுதுங்கள். மில் பகுதிகளில் கூலிக்குத் தக்க வாடகையில் சர்க்காரே வீடுகள் கட்டட்டும்.