ஒட்டவைத்த தலைக்கு என்ன குறைச்சல்?



பாரிசிலிருந்து ரயிலில் ஒருநாள் பயணமாகப் போய் ரெய்ம்ஸ் பேராலயத்தைப் பார்த்து வந்தேன். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய இடம். படங்களைப் போட்டதும் சிலர், "போரில் இடிந்து திரும்பக் கட்டினதுதானே சார், அசல் இல்லையே!" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கமாட்டேன்.

1914 செப்டம்பரில் ஜெர்மன் பீரங்கித் தாக்குதலில் கூரை எரிந்தது. வாசலில் சிரிக்கும் தேவதைச் சிலையின் தலை விழுந்து நொறுங்கியது. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, திரும்ப வைத்தார்கள். கட்டடக் கலைஞர் ஆன்றி தெனோ, மரச்சட்டத்துக்குப் பதிலாகச் சிறுசிறு கான்கிரீட் துண்டுகளைக் கோத்துக் கூரையைத் தாங்கவைத்தார். 1938இல் ஆலயம் மீண்டும் திறந்தது. 1974இல் ஷகாலின் நீலக் கண்ணாடிச் சன்னல்கள் வந்தன.

இதில் எது போலி? கான்கிரீட் மர வேஷம் போடவில்லை. ஷகாலின் சன்னல் 13ஆம் நூற்றாண்டு வேஷம் போடவில்லை. சேர்த்ததை மறைக்காமல் பழுதுபார்ப்பதுதான் நேர்மை.

டிசம்பர் குளிரில் விரல் விறைக்க அந்தத் தேவதையை அண்ணாந்து பார்த்தேன். சிரிப்பு குறையவில்லை.

"அசல் போய்விட்டது" என்ற பேச்சுதான் எங்கும் மிச்சத்தையும் இடிக்கத் துணிச்சல் தருகிறது. அதைச் சொல்லும் முன் யோசியுங்கள். மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள்.