தலைவி என்ற சொல் எமக்கு ஏன் கூசுகிறது?

லைப்சிக் நகருக்குச் செல்லும் எம்மவர் நிக்கலாய் தேவாலயத்தைப் பார்ப்பதுண்டு. 1989 செப்டெம்பர் 4ஆம் நாள் அதன் முற்றத்தில், திறந்த நாடும் சுதந்திர மனிதரும் வேண்டும் என்ற பதாகையை ஏந்தி நின்றோர் கேசின ஓல்ற்மன்ஸ், கற்றின் ஹற்றன்ஹவர் எனும் இரு இளம் பெண்கள். இரகசியப் பொலிசார் உடனே அதைப் பறித்தனர். ஒக்டோபர் 9ஆம் நாள் அந்நகரில் 70,000 பேர் ஊர்வலம் சென்றனர்.

அதே செப்டெம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்தில், 'முறிந்த பனை' நூலாசிரியர்களுள் ஒருவரான மருத்துவபீட விரிவுரையாளர் ரஜனி திரணகம சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் பதிவு செய்தவர் அவர். அவரது பெயரை எம்மிற் சிலர் இன்றும் தாழ்ந்த குரலிலேயே உச்சரிக்கின்றனர்.

லைப்சிக்கின் கதை இன்னும் பழையது. லூயிஸ ஓட்டோ 1849இல் பெண்களுக்கெனப் பத்திரிகை தொடங்கினார். மறு ஆண்டே சாக்சனி அரசு, ஆண்கள் மட்டுமே பத்திரிகை ஆசிரியராகலாம் எனச் சட்டம் இயற்றிற்று. அவரோ எல்லைக்கு அப்பாலிருந்த கேரா நகருக்குப் பத்திரிகையைக் கொண்டு சென்றார். (இடம்பெயர்ந்து பத்திரிகை நடத்துவது எமக்கும் புதிதல்லவே!) 1865 ஒக்டோபரில் லைப்சிக்கில் அவரும் அகுஸ்ற ஷ்மிட் முதலியோரும் அனைத்து யேர்மனியப் பெண்கள் சங்கத்தை நிறுவினர். அதில் ஆண்கள் கௌரவ உறுப்பினராகலாம், ஆலோசனை கூறலாம், வாக்களிக்க இயலாது. கூட்டத்தை நடத்தவும் கணக்கைப் பார்க்கவும் பெண்கள் தாமே பழக வேண்டும் என்பதே நோக்கம்.

எமது சங்கங்களில் நிலைமை தலைகீழ். வார இறுதியில் தமிழ்ப் பாடசாலையை நடத்துவோர் பெரும்பாலும் பெண்கள். கலைவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்குவோரும், மண்டபத்துச் சமையலைச் சுமப்போரும் அவர்களே. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மேடையில் அமர்வோரோ ஆண்கள். பெண்கள் முன்வருவதில்லையே எனக் குறைகூறுகிறோம். நிர்வாகக் கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு, பிள்ளையை யார் உறங்க வைப்பது என்று எவரும் கேட்பதில்லை.

பெண்களுக்கு ஆற்றல் இல்லை என எவரும் சொல்ல முடியாது. 1984இல் பிள்ளைகளைக் கைது செய்த அரசுக்கு எதிராக யாழ்ப்பாணத் தெருவில் இறங்கியது அன்னையர் முன்னணி. 1990 முதல் யேர்மனியில் புலம்பெயர் பெண்கள் தாமே 'பெண்கள் சந்திப்பு' நடத்தினர். அது வேறு நாடுகளுக்கும் பரவிற்று. அவற்றைக் குடும்பத்தைக் குலைப்பவை என ஏசியோரும் எம்மவரே.

புதிதாக வந்த சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அகதி விசாரணையில் கணவரின் கதைக்குள் உங்கள் கதையை அடக்கிவிடாதீர்கள். வயதுவந்த ஒவ்வொருவரும் தனித்தனியே விசாரிக்கப்படுவர். பாலினம் காரணமான துன்புறுத்தலையும் யேர்மனியச் சட்டம் 2005 முதல் ஏற்கிறது. பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டுமெனக் கேட்கலாம். விசாரணை நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்பது நலம்.

சங்க நிர்வாகிகளிடம் நாம் கோருவது மூன்றே. அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தைப் பகலில் வையுங்கள். பிள்ளைகளைப் பார்க்க இரு ஆண்களை நியமியுங்கள். பொருளாளர் பதவிக்கு, பாடசாலைக் கணக்கை இத்தனை காலம் எழுதிய பெண்மணியின் பெயரை முன்மொழியுங்கள்.