தமிழுக்கு ஐந்து புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை போர்ட் கிள்ளான் பண்டமாரானில் சித்தி வீட்டில் மதியச் சாப்பாடு. கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் பளபளப்பான ஒரு கோப்பு கிடந்தது. சித்தி மகள் எஸ்டிபிஎம் முடித்துவிட்டாள். கோலாலம்பூரில் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போய், மெல்பர்னில் கணக்கியல் படிப்பதற்காக ஒரு முகவரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள். முகவர் யார் என்பது இங்கே வேண்டாம். அவர் கோப்பின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்த வரிதான் விஷயம்: "டிகிரி + 2 வருஷ வேலை = பி.ஆர்."

சித்தப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். இபிஎஃப் பணத்தில் பிள்ளையின் படிப்புக்கு எடுக்க முடிந்ததை எடுப்பது, மீதிக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்குவது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். "நீ ரேடியோவுல இருக்குறவ, நாலு பேரு சொல்லிக் கேட்டிருப்ப. இது சரிதானேம்மா?" என்றார்.

நான் குடிநுழைவு ஆலோசகர் இல்லை. ஆனால் இதே கேள்வியோடு அழைக்கும் நேயர்களுக்காக ஆஸ்திரேலிய உள்துறையின் விதிகளைப் பல ராத்திரி உட்கார்ந்து படித்திருக்கிறேன். அதே கோப்பைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கூட்டல் கணக்கை எழுதினேன்.

பி.ஆர். தரும் படிப்பு என்று ஒன்று அங்கே கிடையாது. திறன் அடிப்படையிலான விசாவுக்குப் புள்ளிகள்தான். பட்டம் முடிக்கும்போது தங்கச்சிக்கு 23 வயது இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 25, இளங்கலைப் பட்டத்துக்கு 15, அங்கேயே இரண்டு ஆண்டு படித்ததற்கு 5, திருமணம் ஆகாததற்கு 10. ஆக 55. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் எல்லாப் பகுதியிலும் 6 வாங்கினால் ஒரு புள்ளியும் இல்லை, 7 வாங்கினால் 10, 8 வாங்கினால் 20. நம் பிள்ளை 7 வாங்கினால் 65.

குறைந்தபட்சம் வேண்டியதும் 65தான். சித்தப்பா முகம் மலர்ந்தது. அங்கேதான் சிக்கல். 65 என்பது வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். விருப்பத்தைப் பதிவு செய்துவிட்டு, அரசாங்கம் அழைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அழைப்பு அதிகப் புள்ளி உள்ளவருக்கே முதலில் போகும். கணக்காளர்களுக்கு 90ஐத் தாண்டிய சுற்றுகளும் உண்டு. முகவர் எழுதிய அந்த "2 வருஷ வேலை" எத்தனை புள்ளி? ஐந்து. ஒரு வருடம் செய்தாலும் ஐந்துதான், மூன்று வருடம் ஆனால்தான் பத்து. பட்டதாரி விசாவோ இளங்கலைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுதான்.

25 வயது பிறந்தநாள் வந்தால் 5 கூடும். 33ஆவது பிறந்தநாளில் அந்த 5 போய்விடும். (எனக்குப் போய்விட்டது, கேக்கும் வெட்டினோம்.) தகுதியில்லாத மாப்பிள்ளையைக் கட்டினால் 10 போகும் என்றதும் சித்தி என்னை முறைத்தார்.

மெல்பர்ன், சிட்னி, பிரிஸ்பன் மூன்றையும் தவிர்த்து பெர்த்திலோ அடிலெய்டிலோ படித்தால் இன்னொரு 5 கிடைக்கும். மாநில அரசு பரிந்துரைத்தால் 5, பிராந்திய விசாவுக்குப் பரிந்துரைத்தால் 15. ஆனால் அந்தப் பிராந்திய விசா தற்காலிகமானது. மூன்று ஆண்டு அங்கே இருந்து உழைத்த பிறகுதான் நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்க முடியும். கோப்பில் இது எதுவுமே இல்லை.

சன்வேயில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் ஆஸ்திரேலியப் பட்டம்தானே, செலவும் குறைவு என்று கேட்பவர்களும் உண்டு. பட்டத்துக்கான 15 கிடைக்கும். ஆனால் 'அங்கே படித்ததற்கான' 5 கிடைக்காது, பட்டதாரி விசாவும் கிடைக்காது. பாடம் ஆஸ்திரேலியப் பாடமாக இருந்தால் மட்டும் போதாது, மாணவர் அந்த மண்ணில் இருந்து படித்திருக்க வேண்டும். முழுக்க இங்கேயே படிப்பதா, கடைசி இரண்டு வருடத்தை அங்கே முடிப்பதா என்பதைச் சேர்வதற்கு முன்பே யோசிக்க வேண்டியது இதனால்தான்.

இத்தனையும் இன்றைய விதி. தங்கச்சி வரிசையில் நிற்கும்போது என்ன விதி இருக்கும்? 2010 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா, தேவை அதிகமுள்ள தொழில்களின் பட்டியலை ஒரே நாளில் ரத்து செய்தது. அந்தப் பட்டியலை நம்பி சமையலும் முடி அலங்காரமும் படித்துக்கொண்டிருந்த பல்லாயிரம் வெளிநாட்டு மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். 2024 ஜூலையில் பட்டதாரி விசாவுக்கான வயது வரம்பு பெரும்பாலோருக்கு 50இலிருந்து 35ஆக இறங்கியது. மாணவர் விசா கட்டணம் அதே மாதம் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது, அடுத்த ஜூலையில் 2,000. நம் காசில் ஐயாயிரம் வெள்ளிக்கு மேல். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. புள்ளி முறையையே மாற்றலாமா என்று 2024இல் கலந்துரையாடல் அறிக்கை ஒன்றும் வெளியாகியிருக்கிறது.

"அப்போ அந்த ஆளு பொய் சொல்றாரா?" என்று சித்தப்பா கேட்டார்.

பொய் என்று சொல்ல மாட்டேன். பாதிக் கணக்கு. கல்வி முகவருக்கு வழக்கமாகப் பல்கலைக்கழகம் தரும் கமிஷன்தான் வருமானம். பிள்ளை போய்ச் சேர்ந்தால் அவர் வேலை முடிந்தது. விசா ஆலோசனை சொல்லும் ஆஸ்திரேலிய முகவர்களுக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள், இல்லை என்றால் அவர் சொல்லும் பி.ஆர். கதையைப் படிப்புக் கதையிலிருந்து தனியாகப் பிரித்து வையுங்கள் என்றேன்.

தங்கச்சி அதுவரை வாயே திறக்கவில்லை. "அக்கா, இன்னும் எங்கயாவது அஞ்சு புள்ளி கிடைக்குமா?" என்றாள்.

கிடைக்கும். தமிழில்!

நாட்டி என்ற அமைப்பு அங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கிறது. அது நடத்தும் சமூக மொழித் தேர்வில் தேறினால் 5 புள்ளி. தேர்வுக்குரிய மொழிகளில் தமிழும் ஒன்று. இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 300 சொற்கள். ஆங்கிலத்தில் டாக்டர் பேசினால் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் நோயாளி பேசினால் ஆங்கிலத்தில். 90க்கு 63 எடுக்க வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் 29க்குக் குறையக்கூடாது.

சித்தி சட்டென்று சுவரைப் பார்த்தார். பாட்டியின் படம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய சிறுமி, போர்ட் கிள்ளான் இன்னும் போர்ட் சுவெட்டன்ஹாமாக இருந்த காலத்தில் இங்கே இறங்கியவர். எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஆர். அவர்தான். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து, அதே அட்டையோடு போனார். குடியுரிமை கேட்பவருக்கு மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாசாரில் பேரம் பேசப் போதுமான மலாய் பாட்டியிடம் இருந்தது, நேர்காணலில் அது போதவில்லை. தேர்தல் நாளில் எல்லாரும் விரலில் மையோடு வரும்போது, "எனக்கு மட்டும் விரல் சுத்தமா இருக்கு" என்று சிரிப்பார். சிரிப்பு மாதிரிதான் இருக்கும்.

அதனால் சித்திக்கு ஒரு பயம். "இவளும் அங்க போயி சிவப்பு அட்டை மாதிரி கெடக்கணுமா?"

பி.ஆர். எடுத்தாலும் நம் நீல அட்டை நம்மிடமேதான் இருக்கும். அந்த நாட்டுக் குடியுரிமையையே எடுத்தால்தான் மலேசியக் குடியுரிமையை விட வேண்டிவரும், இங்கே இரட்டைக் குடியுரிமை இல்லை. அந்த முடிவை எடுக்க அவளுக்குப் பல வருடம் இருக்கிறது. வீட்டுக் கடன் முடிவுக்குத்தான் இரண்டு வாரம். முன்பணம் கட்டக் கடைசித் தேதி மாத முடிவு.

என் யோசனையைச் சொன்னேன். பி.ஆர். கிடைக்கவே இல்லை, பட்டத்தோடு திரும்பி வருகிறாள் என்று வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். அப்போதும் கடனைக் கட்ட முடியும் என்றால் அனுப்புங்கள். முடியாது என்றால் முதல் வருடத்தை இங்கேயே படிக்கட்டும்.

சித்தப்பா பதில் சொல்லவில்லை. கோப்பை எடுத்து பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சிக்குப் பொறுமை இல்லை, மாதிரித் தேர்வு வேண்டும் என்றாள். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள். நான் வங்கி அதிகாரியாக ஆங்கிலத்தில் பேசினேன், அவள் தமிழில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாக்கியம் நன்றாகவே வந்தது. பிறகு வாடகைக்கு 'செவா' என்றாள், கட்டுவதற்கு 'பாயார்' என்றாள். பெர்த்தில் அதற்கு மதிப்பெண் இல்லை என்றேன். அடுத்து 'மார்ட்கேஜ்' வந்தது. விழித்தாள். "தமிழ்ல என்னக்கா அது?"

"அடமானம்," என்றார் சித்தப்பா, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.