உச்சி வேணாம் மச்சி, குகை போதும்!

எங்க ஊர் கீழ்பென்னாத்தூர். கார்த்திகை தீபத்தன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க தெருவே மொட்டை மாடியில நிக்கும். தூரத்துல மலை உச்சியில ஒரு புள்ளி வெளிச்சம் தெரிஞ்சதும், கீழே அம்மா வாசல்ல அகல் விளக்கு ஏத்துவாங்க. பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல அந்த மலை அடிவாரம். ஆனா போன வருஷம் வரைக்கும் நான் அந்த மலைமேல ஒரு அடிகூட வச்சதில்ல. மதுரையிலிருந்து வந்த என் ஹாஸ்டல் ரூம்மேட் "உங்க ஊர் மலையில குகை இருக்காமே, கூட்டிட்டுப் போடா"ன்னு கேட்டப்பதான் எனக்கே வெட்கமா போச்சு.

ஒரு சனிக்கிழமை காலையில நாலு பேர் கிளம்பினோம். ரமணாசிரமத்துக்குப் பின்னாடியிலிருந்து கல் பதிச்ச பாதை மேலே போகுது. முக்கால் மணி நேரம் நிதானமா ஏறினா கந்தாசிரமம். மூச்சு வாங்கும், ஆனா யாரும் படுத்துட மாட்டீங்க. வழியில ஒரு பாறையிலிருந்து பார்த்தா மொத்தக் கோயிலும் கீழே தெரியுது. 217 அடி ராஜகோபுரம் அங்கிருந்து செஸ் காய் மாதிரி இருக்கு. கந்தாசிரமத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினா விருபாக்ஷ குகை. 1896-ல் பதினாறு வயசுப் பையனா திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், 1899-லிருந்து 1916 வரை அந்தக் குகையில்தான் இருந்தார். அப்புறம் 1922 வரை கந்தாசிரமம்.

எனக்குப் பெரிசா பக்தி எல்லாம் கிடையாது. ஆனாலும் அந்தக் குகைக்குள்ள பத்து நிமிஷம் உட்கார்ந்தப்போ, கடைசியா எப்போ ஃபோனைத் தொடாம பத்து நிமிஷம் இருந்தோம்னு யோசிச்சேன். ஞாபகம் வரல.

பிரச்சினை வெளியே வந்ததும்தான் ஆரம்பிச்சுது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், உச்சிக்கே போயிடலாம் மச்சி, ரீல்ஸ் சும்மா தெறிக்கும்"னு ஒருத்தன் கிளப்பிவிட்டான். அனுமதி இல்லைன்னு தெரியும். தெரிஞ்சே பாதையை விட்டு இருபது முப்பது அடி ஏறினோம். முதல்ல போன என் காலடியில மண் பொலபொலன்னு சரிஞ்சு, ஒரு கல் உருண்டு கீழே போச்சு. அது எங்க போய் நின்னுச்சுன்னு எங்க யாருக்கும் தெரியல. நாலு பேரும் பேசாம இறங்கிட்டோம்.

அந்தக் கல்தான் என்னை இதை எழுத வைக்குது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில இதே மலையின் அடிவாரத்துல, வ.உ.சி. நகர்ல ஒரு வீட்டுமேல மண்ணும் பாறையும் சரிஞ்சு ஏழு பேர் இறந்தாங்க. அதுல ஐந்து பேர் குழந்தைகள். மலைக்குக் கீழே மனுஷங்க தூங்குறாங்க. மேலே நிக்கிற நமக்கு அது தெரியறதில்ல.

நம்ம சிவில் பசங்களுக்கு இது புதுசில்ல. பாறைமேல இருக்கிற மண்ணுக்குள்ள மழைத்தண்ணி இறங்க இறங்க, துகள்களுக்கு இடையில நீரழுத்தம் கூடும், உராய்வு குறையும், ஒரு கட்டத்துல சரிவு தாங்காது. ஓரளவுக்கு மண்ணை இழுத்துப் பிடிச்சு வைக்கிறது செடி, மரத்தோட வேர்தான். நாம குறுக்குவழி போடுற ஒவ்வொரு தடவையும் அந்த வேர் மிதிபடுது, அடுத்த மழைக்குத் தண்ணி ஓட ஒரு புது வாய்க்கால் கிடைக்குது. வெயில் காலத்துல வேற பயம். அந்தச் சரிவு முழுக்கக் காய்ஞ்ச எலுமிச்சைப் புல். அணைக்காம போட்ட ஒரு பீடித்துண்டு போதும், பல வருஷமா தன்னார்வலர்கள் நட்டு வளர்த்த கன்றுகள் ஒரே ராத்திரியில கரியாகிடும்.

"மலை எல்லாருக்கும் பொது, எதுக்குத் தடை?"ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. அந்தக் கேள்வியில நியாயம் இல்லாம இல்ல. வெறும் போர்டு மட்டும் வச்சா நம்ம வயசுப் பசங்க அதை சவாலாத்தான் எடுத்துக்குவாங்க. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசே 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவோட, வழிகாட்டியோட திறந்து விட்டுச்சு. அந்த மாதிரி, மழை இல்லாத மாதங்கள்ல, குறைஞ்ச எண்ணிக்கையில, உள்ளூர் வழிகாட்டியோட இங்கேயும் அனுப்பலாமான்னு வனத்துறை யோசிக்கலாம். சரிவு தாங்குமான்னு முதல்ல ஆய்வு செய்யணும், அவ்வளவுதான். அந்த வழி திறக்கிற வரைக்கும் திருட்டுத்தனமா ஏறுறது வீரம் இல்ல. நாம உருட்டிவிடுற கல்லுக்குக் கீழ இருக்கிறவங்கதான் விலை கொடுக்கணும்.

அதனால என் கட்சி இதுதான்: குகை வரைக்கும் போங்க, அதுவே நல்ல நாள். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கிளம்புங்க. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி எடுத்துக்கோங்க, காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாங்க. தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைங்க, குரங்கு பார்த்துட்டா அது உங்களுது இல்ல. மழை பெய்ஞ்சிருந்தா பாதை திறந்திருக்கான்னு விசாரிச்சுட்டுப் போங்க. இறங்கும்போது விருபாக்ஷ குகையிலிருந்து பேய்க் கோபுரம் பக்கமா ஊருக்குள்ள வந்துடலாம். அங்க சூடா ஒரு டீ.

இந்த வருஷமும் தீபத்தன்னிக்கு நான் மொட்டை மாடியிலதான் நிப்பேன். உச்சி இருபது கிலோமீட்டர் தள்ளியே இருக்கட்டும். அங்கிருந்து பார்க்கிறதுக்காகத்தானே அதை அவ்வளவு உயரத்துல ஏத்துறாங்க!