ஒரு 'ர்', ஒரு வணக்கம்

எழுபது வயசுத் தாத்தா. எதிரில் ஆண்டை வீட்டுப் பையன், பத்து வயசு இருக்கும். "கும்புடுறேஞ் சாமி" என்று தாத்தா தோள் துண்டை இடுப்புக்கு இறக்குகிறார். பையனிடமிருந்து வருவது "ம்". பிறகு உள்ளே போய், "அவன் வந்துட்டாம்பா" என்கிறான். காட்டுமன்னார்கோயில் பக்கம் சின்ன வயசில் நான் பார்த்தது. இன்றைக்குத் துண்டு இறங்குவதில்லை. அந்த 'ன்' மட்டும் பல ஊர்களில் அப்படியே இருக்கு.

வந்தான், வந்தார். நடுவில் ஓரெழுத்துதான். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச்சொல், இலக்கண நெறி அல்ல என்கிறது தொல்காப்பியம். அப்படியானால் 'ர்' யாருக்கு, 'ன்' யாருக்கு என்று முடிவு பண்ணியது தெருதான்.

ஏட்டில் 'ர்' கிடைப்பது பெரிசில்லை, தோழர்களே. ஆதனூர்ச் சேரியில் பிறந்தவரை 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் எடுத்த எடுப்பிலேயே 'நந்தனார்' என்றுதான் எழுதினார். அவ்வளவு மரியாதையாக அழைத்துக்கொண்டு போய்த் தில்லையில் தீக்குழியில் இறக்கினார். எழுத்தில் 'ஆர்', வாசலில் நெருப்பு. (அடிமை கொண்ட வேதியரைச் சேக்கிழாரிடம் தேடாதீர்கள். அது 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்தது.) அந்தப் பெயரையே எடுத்து 1916-இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் வைத்தார் சுவாமி சகஜானந்தர். நெருப்புக்குப் போனவர் பெயரில் நம் பிள்ளைகள் சிலேட்டு பிடித்தார்கள்.

அதே கதை 2020 அக்டோபரில் மறுபடியும் வந்தது. புவனகிரி பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சி. தேர்தலில் ஜெயித்த தலித் பெண் அங்கே தலைவர். அரசாங்கத் தாளில் 'ர்' பத்திரமாக இருக்கிறது. கூட்டத்தில் மற்றவர்களுக்கு நாற்காலி, தலைவருக்குத் தரை. படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கு, கைது எல்லாம்.

அதனால்தான் நான் எழுத்தைவிட வணக்கத்தைக் கவனிக்கிறேன். எழுத்தை ஒருத்தர் தனியாக எழுதிவிடலாம். வணக்கத்துக்கு இரண்டு வாய் வேண்டும். 'கும்புடுறேன்' போனால் அதே சொல் திரும்பி வராது. 'வணக்கம்' சொன்னால் வரும், ஆளைப் பொறுத்து. 'ஜெய் பீம்' சொன்னால் 'ஜெய் பீம்' என்றுதான் வரணும், மேலே கீழே கிடையாது. 1930களில் நாக்பூர் பக்கத்துக் காம்டியில் பாபு ஹர்தாஸ் பரப்பிய சொல் அது. நம் மாவட்டத்து முதனை ராசாக்கண்ணு 1993-இல் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட வழக்கு 2021-இல் அந்தப் பெயரிலேயே சினிமாவானது. அதுவரை கேட்காத காதுகளும் அந்தச் சொல்லைக் கேட்டன.

சரி, நம்ம கூட்டத்தையும் கொஞ்சம் பாருங்க. மேடையில் தொண்டை கிழிய ஜெய் பீம். மண்டபத்தைப் பெருக்க வரும் அருந்ததிய அம்மாவுக்கு யாராவது சொன்னோமா? கிள்ளைப் பக்கத்து இருளர் பெரியவர் வந்து நின்றால், "பாம்பு புடிக்கிறவன் வந்திருக்கான்" என்று உள்ளே குரல் கொடுப்பது நம்ம வாய்தானே? அந்த ஆண்டை வீட்டுப் பையன் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விடுதியில் சோறு போடுகிற அண்ணனை 'டேய்' போடும் மாணவத் தோழர்களையும் எனக்குத் தெரியும். அறையில் அம்பேத்கர் படம் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, துடைப்பத்தோடு ஓரமாக நிற்கிறவரிடம் முதலில் போய் ஜெய் பீம் சொல்லுங்க. பதில் வராது, கூச்சப்படுவார். மறுநாளும் சொல்லுங்க.